மாமா சுரண்டிக் காட்டிய இடம்

வெள்ளம் வடிந்த மறுநாள் எங்கள் லோரி நின்ற கோலம் இன்றும் கண்ணில் இருக்கிறது. கதவின் பாதி உயரம் வரை சேறு. சக்கரங்களுக்கு நடுவே யார் வீட்டுப் பாயோ சுருண்டு கிடந்தது. மாமா, அதாவது என் அக்காவின் கணவர், லோரியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் படுத்துக்கொண்டார். "எஞ்சினை அப்புறம் பாக்கலாம், தம்பி. மொதல்ல அடிச்சட்டம், சேஸிய கழுவணும். சேறு காஞ்சா உள்ளேயே தின்னுரும்" என்றார்.

எங்கள் ஊரான சிகாமட்டில் அந்த ஒரு லோரிதான் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சோறு. தோட்டங்களிலிருந்து செம்பனைப் பழக்குலைகளை ஏற்றி எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோவோம். ஒரு நாள் அவர் ஓட்டுவார், ஒரு நாள் நான். பழச்சாறு சரக்கு ஏற்றும் தட்டில் தங்கினாலே இரும்பை அரிக்கும் என்பதால், கடைசி லோடு இறக்கியதும் கழுவாமல் மாமா வீட்டுக்கு வந்ததில்லை. அப்படிக் காத்த வண்டிக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்துவிட்டது.

அடிச்சட்டத்தில் தண்ணீர் வடிவதற்கென்று இருக்கும் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தோம். சேறு கூழாக ஒழுகியது. குழாய்த் தண்ணீரால் திரும்பத் திரும்ப அடித்து, வெயிலில் காயவிட்டு, கம்பி பிரஷால் தேய்த்தோம். துரு சிவப்புப் பொடியாக முகத்தில் கொட்டும். பளிச்சென்று இரும்பு தெரிந்த பிறகுதான் செந்நிற அடிச்சாயம் பூசினோம். அது காய்ந்ததும் மேலே கறுப்பு. ஆனால் பாரம் தாங்குவதற்காக இரண்டு தகடுகளைச் சேர்த்து முடுக்கியிருந்த இடத்தில் பிரஷ் போகவில்லை, காற்றும் போகவில்லை. மாமா அந்த இடுக்கில் எண்ணெயை ஊற்றினார். ஊற்றிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதம் ஒரு முறை சுத்தியலால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு கணீரென்று பேசும். அடுத்த மழைக்காலம் முடிந்த ஒரு மத்தியானம், பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தருகே சத்தம் செத்துப்போயிருந்தது. அழுத்திச் சுரண்டியதும் சாயம் பெயர்ந்து, அடியில் ஏடு ஏடாகத் துரு கொட்டியது. இரண்டு தகடுகளையும் உள்ளிருந்தே துரு பிளந்திருந்தது. நடுவில் ஒரு விரிசல்.

பட்டறைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "ஒட்டு போடலாம். சும்மா ஓடுறதுக்கு நிக்கும். லோடு ஏத்தினா நிக்காது. சட்டத்தையே மாத்தணும்" என்றார். மாற்ற எங்களுக்கு வழியில்லை. விற்று, அந்தப் பணத்தில் வேறு பழைய வண்டி பார்க்கலாம் என்று அக்காதான் சொன்னாள். விற்பதற்காக மேலே நீலமும், சுரண்டிய சட்டத்தின்மேல் மறுபடி கறுப்பும் பூசினோம்.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். மண்பாண்டப் பட்டறைகளுக்குக் களிமண் ஏற்ற வேண்டுமாம். மனைவியும் சின்னப் பெண்ணும் கூட வந்திருந்தார்கள். நீலச் சாயம் மின்னிய லோரியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அக்கா எல்லோருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தாள். அந்தச் சின்னப் பெண் ஓட்டுநர் இருக்கையில் ஏறி ஹாரனை அழுத்திச் சிரித்தாள். அவர் உறுதிசொல்ல வாயெடுத்தபோது மாமா, "அண்ணே, ஒரு நிமிசம் கீழ வந்து பாருங்க" என்றார்.

படுத்துக்கொண்டு, நாங்களே பூசிய சாயத்தைச் சுரண்டிக் காட்டினார்.

வாங்க வந்தவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நீங்க சொல்லலனா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க."

"மேட்டுல லோடோட ஏறுறப்ப உடையும்ணே. பாப்பா முன்னால உக்காந்திருக்கும்லா."

அவர்கள் போன பிறகு அக்கா மைலோ கோப்பைகளை எடுக்கவில்லை. "அவங்க பிள்ளைய நெனச்சீங்க. நம்ம ரெண்டு பொண்ணுங்கள யாருங்க நெனைக்கிறது?" என்றாள். மாமாவே கோப்பைகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். எனக்கு அக்காவின் பக்கமும் நியாயம் தெரிந்தது.

லோரி பழைய இரும்புக்குப் போனது. சட்டத்தை காஸ் வைத்து அறுப்பதைப் பார்க்க மாமா வரவில்லை. நான் செனாயில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன். அவர் பாசீர் கூடாங்கில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் சேர்ந்தார். கப்பலின் அடிவயிற்றில் துருவைக் கொத்தி எடுத்துச் சாயம் பூசுகிற வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வார இறுதியில் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வருவார். "லோரிய விட்டாலும் துரு என்னைய விட மாட்டேங்குது தம்பி" என்று ஒரு முறை சிரித்தார். அக்காவும் அவரும் பேசிக்கொண்டார்கள்தான். ஆனால் சாப்பாடு, பள்ளிக்கூடம், மழை என்று அளவாகப் பேசிக்கொண்டார்கள்.

ஒரு சனிக்கிழமை நல்ல மழை. வீட்டுக்கு வரும் வழியில் கூலாய் தாண்டும்போது மாமாவின் மோட்டார் சைக்கிள் வழுக்கிவிட்டது. பக்கத்து ஊரான செனாயில் இருந்தவன் நான் என்பதால் என்னைத்தான் கூப்பிட்டார்கள். மருத்துவமனையில் துணியை விலக்கியபோது முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் கையைப் பார்த்தேன். நகக்கண்களில் செந்நிறச் சாயம். மழையில் அவ்வளவு நனைந்தும் அது போகவில்லை.

அடக்கப் பூசையில் ஃபாதர் லோரிக் கதையைச் சொன்னார். யார் அவரிடம் சொன்னார்களோ தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்காகத் தன் பிழைப்பை விட்டவர், இப்படிப்பட்டவர்கள் நம்மிடையே வாழ்ந்தார்கள் என்றார். கோயிலில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுதூரம் வந்த பிறகு மெல்லச் சொன்னாள்: "நல்லவரு, நல்லவருன்னு ஊரே சொல்லுதுடா. அன்னைக்கு அவரு செஞ்சது சரிதான். எனக்கும் தெரியும். ஆனா அந்த லோரிய வித்திருந்தா அவரு பாசீர் கூடாங் போயிருக்க மாட்டாரு. இத நான் யாருகிட்டடா சொல்றது?"

மாமாவின் பெண்கள் இருவரும் இப்போது வேலைக்குப் போகிறார்கள். அக்கா ஒரு பள்ளி உணவகத்தில் சமைக்கிறாள். விருந்து விசேஷங்களில் யாராவது மாமாவின் நேர்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். பேசுகிறவர் நல்ல மனதோடுதான் பேசுகிறார். நான்தான் ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றுவேன். அவள் திரும்பி வர நேரமாகும்.