புருவமும் முடிதானாம்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: தேர்வு நடத்தத் திருச்சியிலிருந்து வந்திருந்த மேடம். பயிற்சி நிலையம் நடத்தும் மிஸ். என்னோடு தேர்வுக்கு வந்த மூன்று பெண்கள். அவர்கள் ஆளுக்கொருவராக மாடல் என்று கூட்டி வந்திருந்த மூன்று பேர். எனக்கு மாடலாகப் புறப்பட்டு வந்து, வழியிலேயே முகத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு மூலையில் காய் பப்ஸ் தின்றுகொண்டிருந்த என் ஓரகத்தி. முகத்துக்கு ஆவி பிடிக்கும் என் ஸ்டீமரைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்த ஆட்டோக்கார அண்ணன். அப்புறம் நான்.

ஓரகத்தி ஏன் பப்ஸ் தின்றுகொண்டிருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டுமானால் என் கடையிலிருந்து தொடங்க வேண்டும்.

அரிமளத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஓர் அறை பிடித்துப் பார்லர் நடத்துகிறேன். புதுக்கோட்டையில் ஒரு பார்லரில் கூட்டிப் பெருக்கப் போய், பிறகு புருவம் எடுக்க நூல் பிடித்து, அப்படியே கற்றுக்கொண்ட தொழில். நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவள். தொழிலுக்கு எந்தக் காகிதமும் என்னிடம் கிடையாது. யாரும் கேட்டதும் கிடையாது. ஒரு நாள் பையும் பேனாவுமாக ஓர் அதிகாரி வந்தார். புருவம் எடுக்க வந்தவர் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"லைசென்ஸ் எங்கம்மா?"

"கடைக்கா சார்?"

"பின்ன ஒங்களுக்கா?"

உரிமம் வாங்க வேண்டும், அதற்குத் தொழில் படித்த சான்றிதழ் வைக்க வேண்டும், ரெண்டு மாதம் டைம், இல்லாவிட்டால் பூட்டு என்று சொல்லிவிட்டு, என் கண்ணாடியிலேயே தலையைச் சீவிக்கொண்டு போனார். ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களுக்குச் சில நாள் வகுப்பும் ஒரு தேர்வும் உண்டு, எட்டாவது பாஸ் போதும் என்று புதுக்கோட்டைப் பயிற்சி நிலையத்தில் விசாரித்தபோது சொன்னார்கள். எட்டாவது நான் பாஸ்தான். ஆனாலும் அந்தப் பழைய டி.சி.யை எடுத்துத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அதற்குள் ஏதாவது மாறியிருந்தால்?

கடை பூட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து அனுப்புவது வீடு கட்டிய கடனுக்குச் சரியாகப் போகிறது. சோறும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் என் நூலில்தான் தொங்குகின்றன. "ஒனக்குத் தெரியாத தொழிலா, போயி எழுதிட்டு வா" என்று போனில் சொன்னார். எழுதிட்டு வா என்றதுமே போய் டி.சி.யை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தேன்.

வகுப்பு முடிந்து தேர்வுக்கு நாள் குறித்தார்கள். நான் கவலைப்படுவதில் குறை வைக்கிறவள் இல்லை. தேர்வு நாளில் பஸ் பஞ்சரானால் என்ன செய்வது என்று ஆட்டோ பேசினேன். அங்கே கரண்ட் இல்லாவிட்டால் என்று டார்ச் எடுத்தேன். நூல் அறுந்தால் என்று நாலு நூல்கண்டு. வியர்த்து மேக்கப் வழிந்தால் என்று, தண்ணீர் ஊற்றினாலும் போகாத மேக்கப் செட் ஒன்றைக் காசு போட்டு வாங்கினேன். தேர்வு என்ற சொல்லுக்காகப் பரீட்சை அட்டை, ரெண்டு பேனா, அடி ஸ்கேல். ஸ்கேல் எதற்கு என்று மகள் கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

கவலைப்பட விட்டுப்போனது ஒன்றே ஒன்று. எங்கள் ஊர் மாரியம்மன் கோவில் திருவிழாவை அந்த வருஷம் ஊர்க்கூட்டத்தில் ஒரு வாரம் முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். தேர்வுக்கு முந்தின நாள் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டிவிட்டால் எங்கள் ஊரில் கறி மீன் கிடையாது, தாளிப்பு கிடையாது, வெளியூரில் ராத் தங்கக் கூடாது, முடி வெட்டக் கூடாது, சவரம் கூடாது. திருவிழா முடிகிற வரை என் கடைக்கு உள்ளூர்க்காரர்கள் யாரும் வர மாட்டார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும், மாடலாக வர ஒத்துக்கொண்ட ஓரகத்திக்கும் தெரியும். ஆனால் தேர்வில் கேட்டிருந்தது புருவம், முகம் சுத்தம் செய்வது, விசேஷ மேக்கப் மூன்றும்தான். முடி வெட்டு இல்லையே என்று ரெண்டு பேரும் நிம்மதியாக ஆட்டோவில் ஏறினோம்.

ஆட்டோ அண்ணனுக்குத் திருமயம் பக்கம் ஊர். அரிமளம் ஸ்டாண்டில் ஓட்டுகிறார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறவர்.

"ஒங்க ஊர்ல காப்புக் கட்டியாச்சு போல. வேப்பிலை கட்டியிருக்கே?"

"ஆமாண்ணே, நேத்து."

"அப்புறம் இந்தச் சாமானெல்லாம் எங்க போகுது?"

"பரீட்சைக்குண்ணே. இவளுக்குப் புருவம் எடுத்துக் காட்டணும்."

ஆட்டோவை மெதுவாக்கினார். பிறகு கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"ஏம்மா, நான் தெரியாமத்தான் கேக்குறேன். புருவம் முடியில்லையா?"

ஓரகத்தியின் கை மெதுவாக நெற்றிக்குப் போனது.

"அக்கா..."

"அது தலமுடி இல்லடி."

"பெறகு கால்லயா இருக்கு?"

"அது கண்ணைச் சேந்ததுடி. கண்ணுக்குள்ள தூசி விழாம இருக்குறதுக்கு."

"அப்ப மீசை வாயைச் சேந்ததா? காப்புக் கட்டிட்டா ஆம்பளைக மீசைய எடுக்குறாங்களா?"

"எடுக்க மாட்டாங்க" என்று முன்னாலிருந்து எனக்கு எதிராகச் சாட்சி சொன்னார் அண்ணன்.

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்கண்ணே."

வேறு வழியில்லாமல் கோவில் பூசாரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ மைக் டெஸ்ட் செய்துகொண்டிருந்தார்கள்.

"மசுரு மசுருதான் தாயி" என்றார் பூசாரி. "இது மேல மொளச்சது, இது கீழ மொளச்சதுன்னு ஆத்தா அளந்துக்கிட்டா இருக்கா?"

"அப்ப நான் அடுத்தவுங்களுக்கு எடுக்கலாமா சாமி?"

"அவுக வேற ஊரா?"

"வேற ஊருதான்."

"அப்ப அது ஒன் சோலி. வயல்ல புல்லறுக்குற மாதிரி. அறு."

ஓரகத்தி நெற்றியை முந்தானையால் மூடிக்கொண்டாள். "பேச்சுத் தொணைக்கு வாரேங்க்கா" என்றாள். புதுக்கோட்டை வருகிற வரை நான் வாயைத் திறக்கவில்லை. அந்தத் துணைக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

தேர்வு மேடத்தின் கையில் ஒரு டேப் இருந்தது, சிலேட்டு அளவுக்குப் பெரிய போன் மாதிரி. செய்யுமுன் ஒரு போட்டோ, செய்தபின் ஒரு போட்டோ, மாடலின் ஆதார், கையெழுத்து, எல்லாம் அதற்குள் போக வேண்டுமாம்.

"உங்க மாடல் எங்கம்மா?"

"வந்திருக்காங்க மேடம். ஆனா தொடக்கூடாது."

"புரியல."

சொன்னேன். மேடம் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"எங்க வீட்லயும் காப்பெல்லாம் உண்டும்மா. ஆனா டேப்புல அதுக்கு ஒரு பட்டன் இல்லியே. மாடல் இல்லைன்னா வரலைன்னுதான் போடணும். அடுத்த பேட்ச் எப்பன்னு எனக்கே தெரியாது."

அதிகாரி கொடுத்த ரெண்டு மாதத்தில் மிச்சமிருந்தது கொஞ்சம்தான். கடையின் ஷட்டரில் தொங்கப்போகிற பூட்டு எனக்கு அப்போதே தெரிந்தது, அதன் சாவித் துவாரம் முதற்கொண்டு. மற்ற மூன்று மாடல்களும் புருவம் முடிந்து பளிச்சென்று உட்கார்ந்திருந்தார்கள். தேர்வுக்கு வந்தவர்களும் மிஸ்ஸும் தொழில்காரர்கள், புருவம் எப்போதும் எடுத்தபடிதான். எடுத்த புருவத்தில் திரும்ப எடுக்க என்ன இருக்கிறது? மிஸ் கீழே தெருவில் போய் யாராவது பெண் கிடைக்கிறாளா என்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

அப்போதுதான் ஆட்டோ அண்ணன் ஸ்டீமரை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

அவருடைய புருவத்தை அதுவரை நான் சரியாகப் பார்த்ததில்லை. ரெண்டு புருவம் என்று சொல்ல முடியாது. இந்தக் காதருகே தொடங்கி அந்தக் காது வரை இடையில் எங்கும் நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓடியது. அறையில் இருந்த எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள்.

"ஏண்ணே, ஒங்க ஊர்ல காப்பு?" என்று ஓரகத்தி மூலையிலிருந்து கேட்டாள்.

"போன மாசமே அவுத்தாச்சே" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. ஸ்டீமரைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

மேடம் டேப்பைத் தள்ளித் தள்ளிப் படித்தார். "பதினெட்டு வயசு நிரம்பியிருக்கணும்னு இருக்கு. பொம்பளையா இருக்கணும்னு இல்ல."

"வேணாம்மா. ஸ்டாண்டுல என்னய என்ன சொல்லுவாய்ங்க?"

"அண்ணே, என் கடைண்ணே" என்றேன். வேறொன்றும் வாயில் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து ஆதாரை எடுத்தார்.

"மூணு மணிக்கு ஸ்கூல் ட்ரிப் இருக்கு. அதுக்குள்ள முடிங்க. வெயிட்டிங் தனி."

தொடங்குமுன் மாடலுக்கு ஒவ்வாமை ஏதும் உண்டா என்று கேட்க வேண்டும். அதற்கு மார்க் உண்டு. கடையில் நான் ஒருநாளும் கேட்டதில்லை, அன்றைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.

"அண்ணே, ஒங்களுக்கு ஒடம்புக்கு ஒத்துக்காதது எதும் இருக்கா?"

"கத்திரிக்கா. அப்புறம் பாக்கி சொல்றவுங்க. பாத்தாலே அரிக்கும்."

மேடம் ரெண்டையும் டேப்பில் ஏற்றினாரா என்று தெரியவில்லை.

"ஏம்மா, நூல்கண்டு எதுக்கு நாலு?" என்றார் என்னிடம்.

"அறுந்துட்டா மேடம்? இதுவரைக்கும் அறுந்ததில்ல."

அன்றைக்கும் அறுந்துபோகவில்லை. அண்ணனை இங்கிட்டு ஒரு விரல், அங்கிட்டு ஒரு விரல் வைத்துத் தோலை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு முதல் இழுப்பு இழுத்தேன். அவர் எங்கள் ஊர் ஆத்தாளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நெற்றி நடுவில் வழி உண்டாக்கவே நேரமானது. வலது பக்கம் முடிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாகக் கொட்டியது.

"போதும்மா. இம்புட்டுத்தான் மனுசனால முடியும்."

பாதிப் புருவத்துக்குப் பாதி மார்க்கெல்லாம் கிடையாது.

"போங்கண்ணே" என்றாள் ஓரகத்தி, பப்ஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு. "ரெண்டு பக்கமும் எடுத்துட்டுப் போனா ஸ்டாண்டுல ஒரு கேள்வி. ஒரு பக்கத்தோட போனீங்கன்னா ஆயிரம் கேள்வி. நாங்கெல்லாம் இதுக்குக் காசு குடுத்துட்டு அழுகுறோம்."

உட்கார்ந்தார். அவள் அன்றைக்கு வந்ததன் பயன் அந்த ஒரு பேச்சு. அந்தப் பேச்சுக்காகவே, மாடலாக உட்காராததற்கு இன்றைக்கும் அவளை ஒன்றும் சொல்வதில்லை.

இடது பக்கத்தையும் முடித்து, முகத்தைக் கழுவி, ஆவி பிடிக்க வைத்து, முகத்தில் பூசும் பேக் போட்டேன். பேக் காயவில்லை, ஃபேன் எட்டவில்லை. பரீட்சை அட்டையால் விசிறினேன். ஒன்பதாம் வகுப்போடு முடிந்துபோன அட்டை, இப்படியாவது ஒரு தேர்வுக்கு உதவியது. பிறகு மேக்கப். கன்னத்துக் குழியை நிரப்பி, கண்ணுக்குக் கீழே கறுப்பை மறைத்து, மீசையைச் சீவிவிட்டுக் கண்ணாடியைக் காட்டினேன். அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார்.

"கல்யாணத்தப்பவே இப்புடி இருந்திருக்கலாம்" என்றார்.

முடிந்த முகத்தை மேடம் போட்டோ எடுத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டே எடுத்ததால் முதல் படம் ஆடிவிட்டது, ரெண்டாவது எடுத்தார். ரிசல்ட் போனுக்கு வரும் என்றார்.

திரும்பும்போது நேரே அவர் பிள்ளைகளை ஏற்றும் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனோம். கேட்டில் டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியிருந்தார். ஆட்டோவைப் பார்த்து ஓடி வந்த பிள்ளைகள் அண்ணனைப் பார்த்துப் பின்வாங்கின.

"மிஸ், ஆட்டோ நம்ம ஆட்டோதான். உள்ள வேற அங்கிள்."

டீச்சர் ஆட்டோவுக்கு முன்னால் வந்து நின்றார். "யாருங்க நீங்க? வழக்கமா வர்ற அண்ணன் எங்க?"

"நான்தாம்மா அது."

டீச்சர் கையில் வைத்திருந்த ஆட்டோக்காரர்கள் பட்டியலில் அண்ணனின் போட்டோவைப் பார்த்தார். அதில் புருவம் ஒன்று. எதிரில் புருவம் ரெண்டு. அண்ணன் தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்து முகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தார். துண்டு சுத்தமாக இருந்தது. தண்ணீர் ஊற்றினாலும் போகாத செட் அல்லவா, நான்தான் கவலைப்பட்டு வாங்கியது. நான் இறங்கிப் போனேன்.

"டீச்சர், இவரு அவருதான். நான்தான் இப்புடி ஆக்கிட்டேன். பரீட்சைக்கு."

"பாஸாயிட்டீங்களா?"

"இன்னும் தெரியல டீச்சர்."

"தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு, பெற்றோர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு வரவழைத்துப் பிள்ளைகளை அனுப்பினார்.

அண்ணன் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. எங்களை வீட்டில் இறக்கிவிட்டுக் கணக்குச் சொன்னார். வாடகையை அங்கேயே எண்ணிக் கொடுத்துவிட்டேன். அது போக வெயிட்டிங் முந்நூறு, ஸ்கூல் ட்ரிப் நஷ்டமானதற்கு இருநூறு. பர்ஸில் அவ்வளவு இல்லை. நாளைக்குத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தவள், அவருக்கு என்ன ஒத்துக்கொள்ளாது என்று ஞாபகம் வந்து நிறுத்தினேன். அவர் ஆட்டோக் கண்ணாடியில் முகத்தை ஒருதரம் இடமும் வலமும் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"பணமா வேணாம்மா. மாசம் ஒருக்கா இத மட்டும் பாத்து விடுங்க. கழிச்சுக்கலாம். கடை இருந்தா."

கடை இருந்தது. திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்த மறுநாள் போனில் செய்தி வந்தது. தேர்ச்சி. சரிதானா என்று மகளைவிட்டு மூன்று தடவை படிக்கச் சொன்னேன். அதிகாரி சான்றிதழைப் பார்த்துவிட்டு உரிமத்துக்குக் கையெழுத்துப் போட்டார். ரெண்டையும் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். ஆணி கழன்று கஸ்டமர் தலையில் விழுந்துவிடுமோ என்று தினமும் காலையில் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன் மாதம் தவறாமல் வருகிறார், ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லிவிட்டு. இப்போது அழுவதில்லை. மச்சினன் கல்யாணத்துக்கு ஒருமுறை முகத்தையும் சுத்தம் செய்துகொண்டு போனார். ஒவ்வொரு தடவையும் எழுந்திருக்கும்போது "கழிச்சுக்கங்கம்மா" என்கிறார். கழித்துக் கழித்து ஐந்நூறு எப்போதோ தீர்ந்து, கணக்கு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. கேட்கலாம்தான். ஆனால் பாக்கி என்ற பேச்சை எடுத்தாலே அவருக்கு அரிக்கும் என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார், அதற்கு நான் மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அரிப்பு உள்ளவர் முகத்தில் நூல் வைக்கக்கூடாது என்பது வகுப்பில் சொன்ன பாடம்.

அவர் எனக்குத் தர வேண்டியது, இன்றைய தேதிக்கு, இருநூற்றைம்பது ரூபாய்.