வாசலில் நான் வென்ற வாதம்

பட்டாசுத் தொழிற்சாலை வெடிவிபத்தில் தப்பிய என் அண்ணன், நடுக்கமும் உறக்கமின்மையும் தீராமல் மனநலப் பிரிவில் சேர்க்கப்பட்டிருந்தார். சென்ற மாதம் மாற்றுடை கொண்டுபோனேன். வாசலில் செவிலியர் பையைத் திறக்கச் சொன்னார்.

"என் அண்ணன் நோயாளியா, கைதியா? அவர் மானத்தைச் சோதனையிடும் உரிமையை உங்களுக்குத் தந்தது யார்?" என்று, கல்லூரி மேடைகளில் பரிசு பெற்ற அதே குரலில் முழங்கினேன். காத்திருந்தோர் கைதட்டினர். அத்தனை நோயாளிகளுக்கும் ஒற்றை ஆளாக நின்ற செவிலியர், "சரி, போங்க தம்பி" என்று சோர்ந்து விலகினார்.

கொண்டுபோனவற்றில் ஒன்று அப்பாவின் சட்டை. அதன் பையில் தீப்பெட்டி இருந்ததை நான் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில் அண்ணன் தம் மெத்தைக்குத் தீ வைத்தார். தரை துடைத்துக்கொண்டிருந்த பணிப்பெண் வாளித் தண்ணீரைக் கொட்டி அணைத்தார். அண்ணனின் உள்ளங்கைகள் வெந்துவிட்டன.

வாசலில் என் பேச்சைக் கேட்டிருந்த அந்தப் பணிப்பெண் என்னைப் பிடித்துக்கொண்டார்: "ஏலே, பட்டாசுக் கம்பெனி வாசல்ல தீப்பெட்டி இருக்கான்னு தெனமும் தடவிப் பாத்துத்தானே உள்ள விடுறாக? அங்கன ஒங்கண்ணன் வாயத் தொறந்தானா? மொதலாளி சரக்குக்குன்னா சோதனை, மனுச உசுருக்குன்னா மானமா?"



இப்போதெல்லாம் கேட்கும் முன்பே பையைக் கொட்டி, ஒவ்வொரு சட்டைப்பையையும் வெளியே இழுத்துக் காட்டுகிறேன். சில நாட்களில் அதைப் பார்க்க வாசலில் ஆளே இருப்பதில்லை. ஆள் வரும்வரை நான் உள்ளே போவதில்லை.