நாலாவது கொன்ரொட்டின் இரண்டு போல்ட்டுகள்

இதை எழுதவேண்டும் என்று நினைத்து நினைத்தே ஏழெட்டு வருடம் தள்ளிப்போட்டுவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுத்து வராது என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. லொறி எஞ்சின் திருத்துவது என் தொழில். தன் பிழையைத் தானே எழுதி வைக்கிறவனிடம் யார் வாகனம் கொண்டுவருவார்கள் என்ற பயம்தான். இன்றைக்கு அந்தப் பயம் இல்லை. என் கையால் பூட்டின எஞ்சினுக்குள் ஒரு போல்ட்டும் கழலாது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுவேன்.

சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளித் தங்கச்சி குடும்பம். அவளுடைய புருஷன், என் மச்சான், தோட்டங்களில் மரக்கறி ஏற்றித் தம்புள்ளைச் சந்தைக்குச் சொந்த லொறி ஓட்டுகிறவர். எஞ்சின் புகைக்கிறது, எண்ணெய் குடிக்கிறது என்று என் முற்றத்தில் கொண்டுவந்து விட்டார். பிரித்து, தேய்ந்ததையெல்லாம் மாற்றினேன்.

பிஸ்டனைத் தாங்கும் தண்டைக் கொன்ரொட் என்போம். அதன் கீழ்முனை சுழலும் கிராங்கைக் கவ்வி நிற்கும். கவ்வுகிற மூடியைப் பிடிப்பவை இரண்டே இரண்டு போல்ட். நாலு சிலிண்டர், எட்டுப் போல்ட். முதலில் எல்லாவற்றையும் ஸ்பானர் சாவியால் பாதி இறுக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக டோர்க் ரெஞ்சால் முடிக்கவேண்டும். அளவு சரியானதும் ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்லும். அந்தச் சத்தம் கேட்காத போல்ட் பாரத்தோடு ஓடும்போது மெல்ல மெல்லக் கழலும். மூடி விலகும். தண்டு எஞ்சினின் பக்கத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். தம்புள்ளைக்குப் போகிற ஏ-ஒன்பது வீதியில், பின்னால் பஸ் வரும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிடவேண்டும் என்று தங்கச்சி கற்பூரத்தட்டோடு வந்து நின்றாள். நான் லொறிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்.

“அண்ணை, பத்தாகப் போகுது! ராகு காலம் உங்களுக்காகச் சாஞ்சு படுத்திருக்காது.”

“வாறன், வாறன்.”

“வாறன் எண்டு சொல்லிச் சொல்லியே எண்ணெய்க்குள்ளை கிடக்கிறியள். ஒருக்கால் எழும்பித் தேங்காயை உரிச்சுத் தாங்கோ, இவர் குளிக்கப் போயிட்டார்.”

எழும்பி உரித்துக் கொடுத்தேன். திரும்பிப் போய்ப் படுத்து, எண்ணெய்த் தொட்டியை மேலே தூக்கிப் பூட்டினேன். எண்ணெய் ஊற்றி, பத்து இருபதுக்கு ஸ்டார்ட் பண்ணினோம். புதுப்பெண் போல அமைதியாக ஓடியது. சில்லுக்கு அடியில் வைத்த எலுமிச்சங்காயை நசித்துக்கொண்டு மச்சான் தன் வீட்டுக்கு ஓட்டிப்போனார். அடுத்த நாள் விடிய அவர் தம்புள்ளைக்குப் புறப்படவேண்டும்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோதுதான் மனம் எண்ணத் தொடங்கியது. முதலாவது கொன்ரொட், இரண்டு ‘டிக்’. இரண்டாவது, மூன்றாவது. மொத்தம் ஆறு. ஆறுக்குப் பிறகு என் காதில் இருந்தது தங்கச்சியின் குரல்தான். தேங்காய் உரித்தது நினைவிருக்கிறது. திரும்பிவந்து ரெஞ்சை எடுத்தது நினைவில்லை.

சாமியறைக்குப் போனேன். பிள்ளையாரே, நாலாவதையும் நான் இறுக்கினதாகவே இருக்கட்டும் என்று கும்பிட்டேன். கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போதே வெட்கமாகப் போய்விட்டது. என் வேலையை அவரிடம் தள்ளிவிட்டு நிற்கிறேன். விபூதியைப் பூசிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

மச்சான் வீட்டு வாசலில் நின்ற லொறியில் பாதிக்குமேல் கத்தரிக்காயும் பீற்றூட்டும் ஏற்றியாகிவிட்டது.

“மச்சான், எண்ணெய்த் தொட்டியைக் கழட்டவேணும்.”

“என்ன காணும், பகிடி விடுறீரோ?”

“நாலாவதை இறுக்கினனானோ எண்டு எனக்கு நிச்சயமில்லை.”

அவர் கையிலிருந்த கத்தரிக்காய்ப் பையை இறக்கி வைத்தார். தங்கச்சிதான் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள். “கும்பிட்டுத் தொடங்கின எஞ்சினைப் பொழுதுபடமுந்தித் திரும்பக் கழட்டிறதோ? அபசகுனம், அண்ணை! கத்தரிக்காய் வாடிப்போகும். ஊர் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். இறுக்கித்தான் இருந்தால் நீயும் சேர்ந்து சிரி. இல்லையெண்டால் நாளைக்கு இதை ஓட்டப்போறது ஆர்?”

அவள் புருஷனைப் பார்த்தாள். மச்சான் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு சொன்னார்: “கழட்டும் காணும். வாடின கத்தரிக்காயைக் குழம்பு வைக்கலாம்.”

சூடு ஆற விட்டு, எண்ணெயை வடித்து, தொட்டியை இறக்கினோம். ஆறு போல்ட்டும் அசையவில்லை. நாலாவது கொன்ரொட்டின் முதல் போல்ட்டில் ரெஞ்சை வைத்தேன். ‘டிக்’ வரவில்லை, ரெஞ்ச் இலகுவாகச் சுற்றியது. மற்றதும் அப்படியே. வெறும் சாவியால் பாதி இறுக்கின இறுக்கம். மச்சான் குனிந்து பார்த்துவிட்டு நிலத்தில் குந்திவிட்டார். அடியிலிருந்து வெளியே வந்த என் தோளைத் தங்கச்சி பிடித்துக்கொண்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்படி ஓடின போல்ட்டை மறுபடி நம்பக்கூடாது. அடுத்த நாள் யாழ்ப்பாணத்தில் புதுப் போல்ட்டும் பேரிங்கும் வாங்கி மாற்றினேன். மரக்கறி வேறு ஒருவரின் லொறியில் போனது. ஞாயிறு காலை மச்சான் புறப்பட்டுப் போய்ச் சுகமாகத் திரும்பினார்.

அன்றிலிருந்து என் முற்றத்தில் எஞ்சின் மூடுகிற நாளில் முகூர்த்தம் வைப்பதில்லை. மூடி முடித்த அடுத்த நாள் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஸ்டார்ட் பண்ணுவோம். இடையில் யார் கூப்பிட்டாலும் எழும்பமாட்டேன். எழும்பவேண்டி வந்தால் முதலாவது போல்ட்டிலிருந்து திரும்பத் தொடங்குவேன். ‘டிக்’ கேட்ட உடனே போல்ட்டுக்கும் மூடிக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு. கோடு இல்லாதது முடியாத வேலை. கடைசியில் வாகனம் ஓட்டப்போகிறவரையே அடியில் படுக்கவைத்துக் கோடுகளை எண்ணச் சொல்லுவேன். என்னைவிட அவருக்குத்தான் எண்ணுவதில் அக்கறை.

இது நடந்த அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் தங்கச்சி கதைத்துக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. “அண்ணைக்குப் பிள்ளையார் கனவிலை வந்து, நாலாவது போல்ட் எண்டு காட்டிக் குடுத்தவர்.” கேட்ட பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. மறுக்காமல் இருந்தது சுகமாகவும் இருந்தது, அதுதான் என் இரண்டாவது பிழை.

பிள்ளையார் என்னைக் காத்தார் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. வெட்கத்தை விட்டுச் சைக்கிள் எடுக்கிற துணிவை அவர்தான் தந்தார். ஆனால் கனவு வரவில்லை. இதை வாசிக்கிறவர்கள் வாகனம் திருத்துகிறவர்களுக்கும் ஓட்டுகிறவர்களுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது ஒரு சொல்லையும் மாற்றவேண்டாம். நான் மறந்தேன், சந்தேகப்பட்டேன், போய்ச் சொன்னேன், கழட்டிப் பார்த்தோம் என்றே சொல்லுங்கள். கனவைச் சேர்த்தால், எங்கேயோ ஒரு மெக்கானிக் கனவுக்காகக் காத்திருப்பான். விடிந்தால் ஒருத்தியின் புருஷன் அந்த லொறியை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.