ரிலீஸ் அண்ணன் காவல் நின்ற நாள்

முதல் வேலைக்குப் போகிறவன் காடு மாதிரி முடியோடு போகக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் ஏரிச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், மீன்வள அலுவலகத்தைத் தேடாமல் முதலில் ஒரு சலூனைத் தேடினேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதுவும் மீனைப் பற்றிப் படித்து. "மீன் பிடிக்கக்கூடவா காலேஜ் போகணும்?" என்று ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள். அப்பா மட்டும் கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்ணில் பட்ட முதல் சலூனுக்குள் நுழைந்தேன். விதவிதமான தலைமுடிப் படங்கள் மாட்டியிருக்க வேண்டிய சுவர் முழுக்க மீன். ஒவ்வொரு படத்திலும் ஒரே ஆள், கைக்குழந்தையை ஏந்துவதுபோல் ஒரு பெரிய விராலை ஏந்திக்கொண்டு நிற்கிறார். அதே ஆள் என் எதிரில் துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க தம்பி. எப்படி வெட்டணும்?"

"வேலைக்குச் சேரப் போறேன். அதுக்குத் தகுந்த மாதிரி."

"அப்போ காது நல்லாத் தெரியணும். மேலதிகாரி திட்டுறது கேக்கணும்ல?"

தலையில் தண்ணீர் தெளித்தார். கத்தரி ஓட ஆரம்பித்தது. "இவ்வளவும் நீங்க பிடிச்சதாண்ணே?" என்று கேட்டேன்.

"பிடிச்சதும் நான், விட்டதும் நான். ஒண்ணுகூட சட்டிக்குப் போனதில்ல."

பெஞ்சில் பேப்பருக்குப் பின்னால் இருந்த பெரியவர், "அதான் ரிலீஸ் அண்ணன்னு பேரு. அவரு வீட்டம்மாகிட்ட கேட்டா வேற பேரு சொல்லுவாங்க" என்றார்.

நான் வளர்ந்த இடத்தில் பிடித்த மீன் அடுப்புக்குத்தான் போகும். பிடித்துவிட்டு விடுகிற மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் மேல் சட்டென்று மரியாதை வந்தது. படங்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றில், முழங்கால் தண்ணீரில் அவர் நிற்க, பின்னால் நீர்ப்பரப்பில் ஒரு சிவந்த திட்டு.

"அண்ணே, பின்னாடி சிவப்பாத் தெரியுதே..."

"கண்ணு இருக்குய்யா உங்களுக்கு!" அவர் குனிந்து என் காதோடு பேசினார். "அதான் தொழில் ரகசியம். மழை ஆரம்பிச்சதும் தண்ணி மேல இப்படி ஒரு திட்டு கொதிக்கும். தூண்டில் முள்ளுல ரப்பர் தவளைய மாட்டி நடுவுல போட்டீங்கன்னா, பெருசு பாஞ்சு வந்து கவ்வும். எங்க தூண்டில் குழுவுக்கே இதை நான்தான் கத்துக்குடுத்தேன்."

"அது விரால் குஞ்சுங்கண்ணே. பெருசு பசியில கவ்வல. குஞ்சுகிட்ட எதுவும் வந்துடக் கூடாதுன்னு கடிக்குது. அதைத் தூக்கிட்டா குஞ்சை மத்த மீனெல்லாம் தின்னுடும்."

"நான்தான் திரும்ப விட்டுடறேனே."

"எங்க விடுவீங்க?"

அவர் கண் சுவருக்குப் போயிற்று. பாதிப் படங்களில் அவருக்குப் பின்னால் படகுத்துறையின் சிமெண்டுப் படிகள் தெரிந்தன. வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும். குஞ்சுகள் இருக்கும் நாணல் வளைவோ ஏரியின் மறுபக்கம் என்று பிறகு தெரிந்தது. அன்று என் வலது கிருதா இடதைவிட ஒரு விரல் உயரமாகவே அமைந்துபோயிற்று. அதே கோலத்தில் போய் வேலையில் சேர்ந்தேன்.

சலூன் விடுமுறை நாளன்று அண்ணன் தூண்டிலோடு அலுவலக வாசலில் வந்து நின்றார். "நீங்க சொன்னதை நான் கண்ணால பாக்கணும்" என்றார். வேண்டாம் என்றேன். "பாக்காம எனக்குத் தூக்கம் வராது தம்பி. நாலு நாளா ஒருத்தருக்கும் ஒழுங்கா ஷேவ் பண்ணல. வந்தவங்க எல்லாம் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போறாங்க."

நாணல் வளைவில் தண்ணீர் மார்பளவுக்கு மேல் இருக்காது. கரையிலிருந்து எட்டிப் பார்த்தால் சிவப்புத் திட்டு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்கக் குஞ்சுகள் மேலே வரும்போதெல்லாம் சிறு தூறல் விழுந்ததுபோல் நீர் சலசலத்தது. ஒரே வீச்சில் ரப்பர் தவளை நடுவில் விழுந்தது. ஒரே பாய்ச்சலில் பெரிய விரால் மாட்டியது. அதைத் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் இறக்கிவிட்டு, சுவர்ப் படங்களில் நிற்பதுபோலவே சிரித்தபடி நின்றார். சிரிப்பு கொஞ்ச நேரம்தான் நின்றது.

முதலில் ஒரு ஜிலேபி மீன் வந்தது. பிறகு நாணலுக்குள்ளிருந்து ஒரு கூட்டமே வந்தது. சிவப்பு கலைந்து, சிதறி, ஓரம் ஓரமாக ஒதுங்கியது. ஒதுங்கிய இடத்திலும் நீர் சுழித்தது. அவர் அவசரமாக வாளியைக் கவிழ்த்தார். விரால் ஒரு சுழற்று சுழன்று, மிச்சமிருந்த குஞ்சுகளுக்கு அடியில் போய் நின்றுகொண்டது.

"ஒரு போட்டோ எடுக்கிற நேரம்கூட ஆகலையே தம்பி" என்றார்.

சில வருடங்களாக ஏரியில் விரால் குறைந்துகொண்டே வருவதை அண்ணனின் தூண்டில் குழுவில் எல்லோரும் அறிந்தே இருந்தார்கள். வலை போடுகிறவர்கள்மேல், சாக்கடைமேல், வெயில்மேல் எல்லாம் பழி போட்டிருந்தார்கள். அதற்குள் ஆண்டுதோறும் நடக்கும் தூண்டில் போட்டியும் நெருங்கிவிட்டது. மழை தொடங்கும் மாதத்தில் வைத்தால் பெரிய மீன் எளிதில் மாட்டும் என்று அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தவரே ரிலீஸ் அண்ணன்தான்.

கடையைச் சாத்தும் நேரத்துக்குக் குழுவைக் கூப்பிட்டார். நாற்காலிகள் போதாமல் சிலர் கண்ணாடி மேடையில் சாய்ந்து நின்றார்கள். அவர் மனைவியின் தம்பி, பக்கத்திலேயே தூண்டில் சாமான் கடை வைத்திருப்பவர், சுழல் நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"போட்டிய மூணு மாசம் தள்ளி வைப்போம். இல்லன்னா குஞ்சு இருக்கிற பக்கம் யாரும் தவளை போட வேண்டாம்" என்றார் அண்ணன்.

"மச்சான், குஞ்சு இல்லாத பக்கம் போட்டு என்னத்தைப் பிடிக்கிறது, செருப்பையா?" என்றார் மைத்துனர். எல்லோரும் சிரித்தார்கள். "போட்டி வாரத்துலதான் என் கடை ஓடுது. உங்களுக்கென்ன, மழையோ வெயிலோ மனுஷனுக்கு முடி வளந்துக்கிட்டேதான் இருக்கும்."

"நான் கண்ணால பாத்தேன்டா."

"இத்தனை வருஷம் எங்களுக்கு இடம் காட்டினதே நீங்கதானே? ரசிச்சு ரசிச்சுப் பிடிச்சுட்டு, இப்ப எங்களுக்கு மட்டும் பாவக் கணக்கா?" என்று மூலையிலிருந்து குழுவிலுள்ள ஒரு பஸ் டிரைவர் கேட்டார். அதில் குத்தல் இருந்தது, நியாயமும் இருந்தது. அண்ணன் சீப்பில் ஒட்டியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே நின்றார்.

நான் என் அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தேன். அனுமதி கொடுத்தாகிவிட்டது, மீனைத் திரும்பத்தான் விடுகிறார்களே, விதி எதையும் மீறவில்லை என்றார். விதியைப் படித்தேன். அவர் சொன்னது சரிதான்.

போட்டியன்று காலையிலிருந்தே அண்ணன் நாணல் வளைவில் தூண்டில் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். நானும் கூட இருந்தேன். அந்தப் பருவத்தில் ஏரி முழுக்கத் தேடியும் அவர் கண்ணில் பட்டது அந்த ஒரே ஒரு குஞ்சுக் கூட்டம்தான். வந்தவர்களிடம் கை கூப்பி, பக்கத்து வளைவுக்குப் போகச் சொன்னார். சிலர் அவர் முகத்துக்காகப் போனார்கள். வேறெங்கும் எதுவும் மாட்டவில்லை. மதியம் மைத்துனர் படகில் வந்து, கரைப்பக்கம் வராமல், தண்ணீர்ப்பக்கத்திலிருந்தே வீசினார்.

"டேய், வேண்டாம்டா! உன் அக்கா மேல ஆணையாச் சொல்றேன்!"

அதற்குள் தவளை விழுந்துவிட்டது. நான் பார்த்ததிலேயே பெரிய விரால் அது. படகிலிருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள்.

"அதை இங்கயே விட்டுடு! இங்கயே!"

"எடை போட்டு விட்டுடறேன் மச்சான்! நடுவர் முன்னால விட்டாத்தான் கணக்கு. நீங்க எழுதின சட்டம்தான்!"

படகு துறையை நோக்கித் திரும்பியது. அண்ணன் சட்டையோடு தண்ணீரில் இறங்கினார். ஒரு கை நாணலைப் பிடுங்கி, சிவப்புத் திட்டைச் சுற்றி நீரை அடிக்க ஆரம்பித்தார். இந்தப் பக்கம் அடித்தால் ஜிலேபி அந்தப் பக்கம் வந்தது. நானும் இறங்கினேன். மனிதன் அடிக்கிற அடியில் குஞ்சுகளே மிரண்டு பிரிந்தன. மறுகரையில் ஒலிபெருக்கி மைத்துனரின் எடையை அறிவித்தது. கைதட்டல் நீர்மேல் தெளிவாகக் கேட்டது.

"விட்டிருப்பாங்க. வந்துடும் தம்பி. வழி தெரிஞ்சு வந்துடும்" என்றார். துறைக்கும் வளைவுக்கும் நடுவில் அவ்வளவு பெரிய ஏரி. அதற்கு வழி தெரியாது என்று சொல்லாமல் நீரை அடித்தேன். இன்னொரு விரால், ஜோடி, எங்காவது பக்கத்தில் இருக்கலாம் என்று பார்த்தோம். இருந்தாலும் நாங்கள் நின்ற இடத்துக்கு அது வரப்போவதில்லை. வெளியே ஏறினால் ஜிலேபி வந்துவிடும் என்று பயம், நின்றால் ஜோடி வராதே என்று பயம்.

பொழுது சாயும்போது அவர் மனைவி மாற்றுச் சட்டையோடு கரையில் வந்து நின்றார். "ஏங்க, மேல வாங்க. உதடெல்லாம் வெளுத்துப்போச்சு. ஊரே சிரிக்குது" என்றார். கொஞ்சம் பொறுத்து, குரல் இறங்கி, "கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு மீனாவது வீட்டுக்குக் கொண்டு வாங்கன்னு கத்தினேன். கொண்டு வந்திருந்தீங்கன்னா மீனு உங்களுக்கு வெறும் குழம்பா இருந்திருக்கும், இப்படி நிக்க வேண்டியிருந்திருக்காதோ என்னவோ" என்றார்.

அவர் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த நாணல் நுனி பிய்ந்து தும்பாகியிருந்தது. அதற்குள் தண்ணீரில் சிவப்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கை அகலத்துக்கு ஒரு திட்டு நாணல் வேரோடு ஒட்டிக் கிடந்தது. பிறகு இருட்டில் அதுவும் தெரியவில்லை.

ரிலீஸ் அண்ணன் இப்போதும் அதே கடையில்தான் முடி வெட்டுகிறார். படங்களை எல்லாம் இறக்கிவிட்டார். சுவரில் அவை இருந்த இடங்கள் மட்டும் வெளிறாமல் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. குழுவில் பாதிப் பேர் வேறு சலூனுக்குப் போய்விட்டார்கள். மைத்துனரோடு பேச்சு இல்லை. அக்காவும் தம்பியும் அவருக்குத் தெரியாமல் போனில் பேசிக்கொள்கிறார்கள், அது அவருக்குத் தெரியும். போட்டி இந்த ஆண்டும் நடந்தது, அதே மாதத்தில். மழை தொடங்கியதிலிருந்து மதியத்தோடு கடையை அடைத்துவிட்டு நாணல் வளைவுக்குப் போகிறார். வேலை முடிந்ததும் நானும் போகிறேன். இந்த வருடம் அங்கே சிவப்பு இன்னும் தென்படவில்லை.