சத்தம் நின்ற கரத்தை

மலைத் தோட்டங்களில் கோப்பி விளைந்த காலத்தில் கம்பளையிலிருந்து கண்டிக்கு மூட்டை ஏற்றிய மாட்டுக் கரத்தைகளில் என்னுடையதுதான் ஆகப் பழையது. மாடுகளும் அதோடு சேர்ந்தே என்னிடம் வந்தன. ஒன்று வெள்ளை, மற்றது கொம்பு வளைந்த செவலை. பழக்கிய நாளிலிருந்து இரண்டும் இந்தக் கரத்தையைத் தவிர வேறொன்றையும் இழுத்ததில்லை என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். அது நல்ல குணம் என்றுதான் நானும் நினைத்தேன்.

வலது சக்கரம் முனகும். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, வயிற்றுவலிக்காரர் பாயில் புரண்டு படுப்பதுபோல, நீளமாக இழுத்து முனகும். கம்பளைக் கடைவீதியில் நான் வந்தால் வியாபாரம் பேசுகிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, நான் கடந்துபோன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். சிலர் விலையை மறந்துபோய் முதலிலிருந்து பேரம் பேசியதும் உண்டு.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதுகூட வாத்தியார் அடித்ததனால் இல்லை, அடிப்பாரோ என்றுதான். அதனால் சக்கரம் முனகும்போதெல்லாம் ஏதோ நடக்கப்போகிறது என்று தோன்றும். பேராதனைப் பாலத்தின் நடுவில் அச்சு முறிந்து, மூட்டைகளோடு மகாவலியில் விழுவது கண்ணால் பார்த்ததுபோலவே எனக்குத் தெரியும். விழுந்த மூட்டைகள் எந்தக் கரையில் ஒதுங்கும், நனைந்த கோப்பி முளைக்குமா, முளைத்தால் அந்தச் செடி தோட்டத்துத் துரைக்குச் சொந்தமா கரையில் இருப்பவருக்குச் சொந்தமா என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

இதையெல்லாம்விடப் பெரிய பயம் வரிசையைப் பற்றியது. தனிக் கரத்தையை நம்பி அந்த நாளில் எந்தத் தோட்டத்திலும் மூட்டை கொடுக்கமாட்டார்கள். ஏழெட்டுக் கரத்தைகள் ஒரு தலைவருக்குக் கீழே வரிசையாகப் போகவேண்டும். அவர் வாக்குக் கொடுத்தால்தான் மூட்டை. எங்கள் தலைவர் அக்குறணைக்காரர், அந்தக் காலத்தில் பொதிமாடு ஓட்டிய குடும்பம். எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். முதல் கரத்தை அவருடையது, கடைசி என்னுடையது. அவர் வழியில் ஒருபோதும் திரும்பிப் பார்க்கமாட்டார். வரிசையிலிருந்து தள்ளப்பட்டவனுக்கு இந்தப் பக்கத்தில் வேறு வேலை கிடையாது. அப்படித் தள்ளப்பட்ட ஒருவர் தன் மாடுகளை உழவுக்கு விட்டுவிட்டு, கரத்தைக்கூண்டைக் கோழிக்கூடாக வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் நானா என் சக்கரத்தின் பக்கத்தில் வந்து நின்றார். காலால் ஒரு தட்டுத் தட்டினார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். ஏதாவது திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். சொல்லாமல் போனதால் விடியும்வரை கோழிகளாகவே கனவு.

மறுநாளே கம்பளையில் கரத்தை செய்கிற தச்சரிடம், பாஸ் என்று எல்லோரும் கூப்பிடுகிறவரிடம், போனேன். அவர் சிங்களவர், பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் பேசுவார், திட்டுவதுமட்டும் முழுத் தமிழில். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். அச்சு நுழையும் குடத்துக்குள்ளே இருந்த இரும்பு வளையம் தேய்ந்து முட்டை மாதிரி ஆகியிருந்தது. பழையதை எடுத்துவிட்டுப் புது வளையத்தை இறுக்கி அடித்தார். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து வண்டி மை செய்து, கஞ்சத்தனம் பார்க்காமல் அப்பினார். உருட்டிக் காட்டினார். சக்கரம் எண்ணெயில் மிதப்பதுபோல ஓடியது. ஒரு சத்தம் இல்லை. இனி அது முனகினால் வந்து தன்னை ஏசும்படி சொல்லி அனுப்பினார். வீடு வரைக்கும் நானே இழுத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு லேசு.

அடுத்த காலையில் பேட்டையில் மூட்டை ஏற்றினோம். நானா குரல் கொடுத்தார். கரத்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக அசைந்தன. என் முறை வந்தது. கயிற்றைச் சுண்டினேன். மாடுகள் ஓரடி எடுத்துவைத்தன. சக்கரம் சத்தமில்லாமல் கால் சுற்று சுற்றியது. இரண்டும் நின்றுவிட்டன. நின்றது மட்டுமில்லை, காதுகளைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தன.

எனக்கு முன்னால் ஓட்டுகிற பெரிய மீசைக்காரர் இறங்கி வந்தார். சக்கரத்தடியில் கல் இருக்கும் என்றார். இல்லை. பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும் என்றார். தளர்த்தினோம். பாரம் பின்னால் இழுக்கிறது, அதனால் நுகத்தடி மேலே தூக்குகிறது என்றார் இன்னொருவர். மூட்டைகளை முன்னால் தள்ளினோம். இப்போது முன்னால் அழுத்துகிறது என்று அவரே சொன்னார். பாதியைப் பின்னால் தள்ளினோம். கண்ணேறு பட்டிருக்கும் என்று ஒருவர் தேசிக்காயை வெட்டிச் சுற்றிப் போட்டார். செவலை அதை நக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, தோலை விட்டு மீதியைத் தின்றது. வாலை முறுக்கினோம். அது அப்படியே படுத்துக்கொண்டது.

மாடுகளை அவிழ்த்துப் பார்த்தால் ஆற்றுப் பக்கம் ஜோராக நடந்தன. கரத்தையைத் தனியாக இழுத்துப் பார்த்தால் மீசைக்காரரும் நானும் இழுக்கவே தானாக ஓடியது. இரண்டையும் பூட்டினால் ஓரடி, அவ்வளவுதான்; செவலை மறுபடியும் படுத்துவிட்டது. கரத்தையில் குறை இல்லை. மாட்டில் குறை இல்லை. மிச்சம் இருந்தது நான்தான்.

அப்போது வரிசையின் முன்னாலிருந்து நானா நடந்து வந்தார். வரிசை புறப்பட்ட பிறகு அவர் பின்னால் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. படுத்திருந்த செவலையைப் பார்த்தார், தேசிக்காய்த் தோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தம்பி, வெயில் ஏறுது. ஒன்ட மூட்டைய மத்தாக்கள்ட கரத்தையில ஏத்திக்கிறோம். நீ ஊட்டுக்குப் போ.”

“மறுபடி எப்ப வரணும் நானா?”

“பாப்பம்.”

நானா ‘பாப்பம்’ என்று சொன்ன ஒருவரையும் பிறகு வரிசையில் பார்த்ததில்லை. கரத்தையின் பின்பலகையில் உட்கார்ந்தேன். வயிற்றின் அடியிலிருந்து ஒரு முனகல், நான் கூப்பிடாமலே, நீளமாக வெளியே வந்தது.

செவலை எழுந்தது. கரத்தை நகர்ந்தது. பலகை என் கீழேயிருந்து நழுவ, நான் தரையில் உட்கார்ந்தேன். திடுக்கிட்டு முனகலை நிறுத்தினேன். கரத்தை நின்றது.

சோற்றுப் பொட்டலத்தோடு வந்த என் மனைவி இதையெல்லாம் வேலியோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, இன்னொரு தரம் அழுவுங்க,” என்றாள்.

நான் அழவில்லை என்று சொன்னேன்.

“நீங்க என்னமோ செய்யிறீங்க, அது நடக்குது. நிறுத்துனீங்க, நின்னுருச்சு. அந்தச் சக்கரமும் இப்புடித்தானேங்க இத்தன நாளும் அழுதுச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. நான் இன்னொரு தரம் முனகினேன். மாடுகள் ஓரடியும் இன்னோரடியும் நடந்தன. எத்தனையோ வருஷமாக அந்தச் சத்தம் பின்னால் கேட்டபடியே இழுத்துப் பழகிய மாடுகள். அது கேட்காவிட்டால் கரத்தை பின்னால் வரவில்லை என்றே அவை நினைத்திருக்கவேண்டும். உடனே சக்கரத்தைக் கழற்றி மையை வழித்துப் பார்த்தோம். மணலைக்கூடத் தூவினோம். பாஸ் அடித்த வளையம் அவ்வளவு இறுக்கம். சூடாகிக் கருகல் வாசம் வந்ததே தவிர, முனகல் வரவில்லை. அது தேய்ந்து பழையபடி அழ ஒரு மழைக்காலமாவது ஆகும் என்றார் மீசைக்காரர். மறுபடியும் மையைப் பூசினோம்.

நானா தாடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

“கண்டி போற மட்டும் இப்பிடி முனக ஏலுமா?”

“ஏலும் நானா.”

“நடுவுல நின்டா மூட்டைய எறக்கிட்டுப் போயிருவம். பொறகு என்னத் தேட வேணாம்.”

முனகிக்கொண்டே புறப்பட்டேன். முதல் மைல் கஷ்டமாக இல்லை. எனக்கு முனகுவதற்குக் காரணங்கள் ஏராளமாக இருந்தன. அதன் பிறகுதான் நுணுக்கங்கள் புரிந்தன. ஒரு சுற்றுக்கு ஒரு முனகல். அவசரப்பட்டு இரண்டு முனகினால் மாடுகள் ஓட ஆரம்பிக்கும். ஏற்றத்தில் அடிவயிற்றிலிருந்து இழுக்கவேண்டும். தண்ணீர் குடித்தால் கரத்தை நின்றுவிடும், தும்மினால் பக்கவாட்டில் பாயும். சோற்றுப் பொட்டலம் பக்கத்திலேயே இருந்தது. பார்த்துப் பார்த்து முனகினேன்.

வழியில் ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து யார் செத்தது என்று கேட்டாள். பதில் சொன்னால் கரத்தை நிற்கும். கையால் மூட்டைகளைக் காட்டினேன். அவள் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு, எத்தனை பேர் என்று கேட்டாள். கரத்தை அவளைத் தாண்டிப் போய்விட்டது.

பேராதனைப் பாலத்தின் முகப்பில் எந்த நாளும் நெரிசல்தான். அன்றைக்கு எனக்குமட்டும் வழி விட்டார்கள். தலைப்பாகை கட்டியவர்கள் அதை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் பாலம் முழுவதும் தலையைக் குனிந்தபடி என்னோடு கூடவே நடந்தார். அக்கரையில் விடைபெறும்போது, இப்படிப் பாசம் வைத்த மனிதரை இந்தக் காலத்தில் காண்பது அரிது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பாலத்தைத் தாண்டிய பிறகுதான் அச்சு முறிவதைப் பற்றி நினைக்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. எதையோ கவலைப்படாமல் விட்டுவிட்டோமே, அதனால் ஏதாவது ஆகுமோ என்று கண்டி எல்லைவரை கவலைப்பட்டேன். அது முனகலுக்கு உதவியாகவே இருந்தது.

கண்டியில் கோப்பி மூட்டைகளைப் பொறுப்பெடுக்கிற பண்டசாலைக் கணக்கப்பிள்ளை யாழ்ப்பாணத்தவர். கரத்தை முற்றத்துக்குள் முனகிக்கொண்டே நுழைந்ததும் எழுந்து வந்தார்.

“என்ன, உமக்கு வயித்துக்குத்தே?” என்றார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுமட்டும் வந்தது. அவர் ஆள் அனுப்பி மல்லித்தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். மூட்டைகள் எல்லாம் இறங்கின. ஒன்றும் நனையவில்லை, ஒன்றும் கிழியவில்லை. நானாவோ வெறுங்கோப்பியை ஊதி ஊதிக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

விடிந்ததும் தோட்டத்துக்கு அரிசி ஏற்றிக்கொண்டு திரும்பவேண்டும். மாடுகளைப் பூட்டினேன். வரிசை அசைந்தது. நான் வாயைத் திறந்தேன். மறுபடியும் காற்றுத்தான். தொண்டையைத் தேய்த்தேன், உப்புத்தண்ணீர் கொப்பளித்தேன். சத்தம் திரும்பவில்லை. மாடுகள் காதுகளைப் பின்னால் திருப்பி நின்றன. முன்னாலிருந்து நானா நடந்து வருவது தெரிந்தது. அவர் வாயால் இரண்டாம் தடவை ‘பாப்பம்’ கேட்கவேண்டாம் என்று நானே பூட்டாங்கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன்.

“அத விடு,” என்றார் நானா. “நேத்து மொதல்ல பின்னுக்குச் சத்தமே இல்ல. கடைசிக் கரத்தை வருதா இல்லையாண்டு வெளங்காமத்தான் நான் எறங்கிப் பின்னுக்கு வந்தேன். பொறகு நீ முனகினாப் பொறகுதான் நிம்மதி. நான் திரும்பிப் பாக்காம போறதே அந்தச் சத்தத்த நம்பித்தான்.”

அவர் மீசைக்காரரைப் பார்த்தார். மீசைக்காரர் வானத்தைப் பார்த்தார். பிறகு என் கரத்தையின் பக்கத்தில் வந்து, மீசையை ஒதுக்கிக்கொண்டு, வெட்கத்தோடு ஒரு முனகல் முனகினார். மாடுகள் நடந்தன.

அப்படித்தான் கண்டியிலிருந்து வெளியே வந்தோம். ஒருவர் களைத்தால் அடுத்தவர் தன் கரத்தையைப் பக்கத்து ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வருவார். ஒருவர் மெல்லிய குரல்காரர்; அவர் முறையில் மாடுகள் சந்தேகத்தோடு நடந்தன. இன்னொருவர் முனகலை ராகமாக இழுத்ததில் வெள்ளை மாடு தலையாட்ட ஆரம்பித்தது. மீசைக்காரரே எல்லாரிலும் திறமையானவர். அவருக்கு வீட்டில் பழக்கம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். பேராதனைப் பாலத்தில் முந்தின நாள் பார்த்தவர்கள் சிலர் இருந்தார்கள். துக்கம் பரவிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

பாலத்தைத் தாண்டிய ஏற்றத்தில் எல்லோருக்கும் மூச்சு முட்டியது. நானா தன் கரத்தையிலிருந்து இறங்கி, அதைத் தன்பாட்டில் போகவிட்டுவிட்டு, வரிசையின் கடைசிக்கு வந்தார். தொண்டையைச் செருமினார். அக்கம்பக்கம் பார்த்தார். முனகினார். மாடுகள் நின்று, இரண்டும் சேர்ந்து திரும்பி அவரைப் பார்த்தன.

இன்னும் நீளமாக என்று நான் கையை இழுத்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று விட்டார். கரத்தை அசைந்தது.

“சரியா ஈக்கா?” என்று கேட்டார்.

கரத்தை நின்றது. பேசவேண்டாம் என்று சைகை காட்டினேன். நானா தலையாட்டினார். அதற்குப் பிறகு ஏற்றம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசாமல், முனகிக்கொண்டே என் பக்கத்தில் நடந்தார்.