பதினான்கு பக்க மனுவும் ஒரு பின்பக்கமும்

இன்று பதினான்கு பக்க மனுவோடு நாகர்கோவில் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனேன். வீட்டு இணைப்பில் அம்மா இரண்டு தையல் மெஷின் ஓட்டுவதைக் கடை என்று சொல்லி, மின் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது.

மனு வாங்கும் அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார். நான் எலக்ட்ரிகல் இன்ஜினியர். பொறுக்காமல், மெஷின்கள் எவ்வளவு மின்சாரம் இழுக்கின்றன என்று காட்டும் லோடு கிராஃபை விளக்க ஆரம்பித்தேன்.

"கிராஃப் கெடக்கட்டும் மக்களே. நோட்டீஸக் காட்டு."

வாசித்தார். பாத்திரத்தை மூடினார்.

"பில்லு தப்புன்னா நாங்க விசாரிப்போம். இது கரண்ட முறைகேடா எடுத்தன்னு போட்ட நோட்டீஸ். எங்களுக்கு அதிகாரம் இல்ல. நோட்டீஸ் அனுப்புன ஆபீசர்ட்டயே ஆட்சேபம் குடுக்கணும். இன்னிக்கு விட்டா லைன கட் பண்ணிருவாவ. தேதி அடியில போட்டிருக்கே, பாக்கலியா?"

பார்க்கவில்லை.

"நல்லா படிச்ச பிள்ளதான் போ! எழுது."

அவர் சொல்லச் சொல்ல, மனுவின் கடைசித் தாளைத் திருப்பி எழுதினேன். நான்கரை மணிக்கு மின் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிவிட்டேன். இனி விசாரிக்காமல் லைனை வெட்ட மாட்டார்கள். இதை எழுதும்போது அம்மாவின் மெஷின் சத்தம் கேட்கிறது.

நன்றி அக்கா. சாப்பாடு ஆறிப்போயிருக்கும்.

பதினான்கு பக்கத்தில் உதவியது எழுதாமல் விட்ட அந்தப் பின்பக்கம் மட்டுமே. கிராஃப் யாருக்காவது வேண்டுமென்றால் கமெண்டில் கேளுங்கள்.