என் துப்பாக்கிக்குப் பொருந்தாத குண்டு

என் சகலையிடம் இருந்தது பாயின்ட் டூ டூ ஏர்கன். என்னிடம் இருந்தது பாயின்ட் ஒன் செவன் செவன். இரண்டு குழலின் வாய்க்கும் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அந்த ஒரு மில்லிமீட்டர் தொண்ணூறுகள் முழுக்க என் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. அவருடையது அப்பா வழி வந்தது, லைசென்ஸ் உண்டு. என்னுடையதற்கு லைசென்ஸே வேண்டாம். அதாவது, அரசாங்கமே அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

எங்கள் மாமனார் மாநில அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரேசர் டவுன் வீட்டின் பின்பக்கம் தொட்டி தொட்டியாக டேலியா வளர்ப்பார். லால்பாக்கில் நடக்கும் ஜனவரி மலர்க் கண்காட்சிக்கு அவற்றைக் கொண்டுபோகும்போது தன்னோடு ஒரு மாப்பிள்ளையை அழைத்துப் போவார். இளைய பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும்வரை அந்த ஒரு மாப்பிள்ளை நான்தான். வேறு ஆள் இல்லை என்பதால் எனக்கு அது பெருமையாகவும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு அடுத்த ஜனவரியில் மாமனார், “சின்ன மாப்ளே வரட்டும், அவருக்குக் கை பதனம்” என்று சொன்ன அன்றைக்குத்தான் அது பெருமை என்று தெரிந்தது.

அந்த வருஷம் டிசம்பரில் ஒரு பெருச்சாளி வந்தது. தொட்டியைக் கவிழ்த்துக் கிழங்கைத் தின்றுவிட்டுப் போனது. பொறி வைத்தோம். தேங்காய்ச் சில்லு போனது, பொறியும் நாலடி தள்ளிக் கிடந்தது. பக்கத்து வீட்டு நாய்களை நினைத்து மருந்து வைக்கவில்லை. நான் சுட்டேன். என் குண்டு அதன் முதுகில் தூசி தட்டியது மாதிரி இருந்தது. அது திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தே போனது.

பிறகு சகலை தன் கூர்மூக்குக் குண்டைப் போட்டுச் சுட்டார். தொடையில் பட்டுக் கீச்சென்று கத்தி ஓடியது. மறுநாள் நொண்டிக்கொண்டே வந்து இன்னொரு தொட்டியைக் காலி பண்ணியது.

மாமனாருக்கு முகம் சுண்டிவிட்டது. “சித்திரவதை வேணாம் மாப்ளே. முடிஞ்சா ஒரே அடியில முடியணும். இல்லேன்னா துப்பாக்கியை எடுக்காதீங்க.”

சகலை தலைகுனிந்து நின்றார். அன்று நான் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஒரே அடியில் முடிக்கிற குண்டு வாங்க இதுதான் சமயம் என்று திங்கட்கிழமை மதியம் ஆபீஸிலிருந்து நழுவித் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்கார பாய், “எந்த கன் சாப்?” என்றார். பக்கத்தில் ஒரு பெரிய மீசைக்காரர் நின்று என்னையே பார்த்தார். வாய் தானாகச் சொன்னது: “டூ டூ.”

“அரே, பெரிய கன்! என்னா அடிக்கப் போறீங்க?”

“பெருச்சாளி.”

பாய் சிரிக்கவில்லை. மூன்று டப்பாவைத் திறந்து வைத்தார். “இது கூரு. பாக்க ஷோக்கா இருக்கும், ஆனா மூக்கு கொஞ்சம் கோணினாலும் குண்டு எங்கேயோ போவும். இது தட்டைத் தலை. அட்டையில வட்டமா ஓட்டை போடும், கிட்டத்துல சரி. இது உருண்டைத் தலை, கனம் ஜாஸ்தி. நேரா போவும், உள்ள போயி நல்லா இடிக்கும். ஆனா சாப், நான் சொல்றது முக்கியமில்லே. உங்க கன் எதைச் சாப்பிடுதோ அதைத்தான் போடணும். அட்டையில அஞ்சு அஞ்சா சுட்டுப் பாருங்கோ.”

மீசைக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். நான் வேட்டைக்காரன் நடையில் உருண்டைத் தலையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் அந்தக் குண்டு என் குழலின் வாயில் உட்கார்ந்துகொண்டு உள்ளே போக மறுத்தது. என் மனைவி பார்த்தாள்.

“ஏங்க, இது தங்கச்சி வீட்டுக்காரர் துப்பாக்கிக்கு இல்ல?”

“அளவு தப்பாக் குடுத்துட்டான்.”

“அப்ப அவருகிட்டக் குடுத்துடுங்க.”

கொடுக்கவில்லை. சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். ஆறு நாள். அதற்குள் இன்னும் இரண்டு தொட்டி போயின. கடைசியாகப் போனது அடர்சிவப்பு டேலியா, விரியக் காத்திருந்த மொட்டோடு. ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் கடித்த கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு கவிழ்ந்த தொட்டிமேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, “காப்பி சாப்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். வீட்டுக்குப் போய் டப்பாவை எடுத்து வந்து சகலையின் கையில் வைத்தேன்.

அவர் சுவரோரம் அட்டைப்பெட்டி வைத்தார். தூரத்தை என்னையே அளக்கச் சொன்னார். பதினாறு அடி. கூர்மூக்கு ஐந்தும் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. உருண்டைத் தலை போட்ட ஐந்து ஓட்டையையும் ஒரு ரூபாய்க் காசு மூடிவிட்டது.

“அண்ணா! இத்தனை நாளா துப்பாக்கியைத் திட்டிட்டு இருந்தேனே!” என்று என்னைக் கட்டிக்கொண்டார். என் எலும்பெல்லாம் எரிந்தது.

அன்று பொழுது சாயும்போது டியூப்லைட் வெளிச்சத்தில், அதே பதினாறு அடியில், ஒரே குண்டு. பெருச்சாளி விழுந்த இடத்திலேயே கிடந்தது. வால்கூட ஆடவில்லை.

எல்லோரும் சகலையின் முதுகைத் தட்டினார்கள். அந்த மனுஷன் நல்லவனாகவும் இருந்து தொலைத்தான். “குண்டு அண்ணா வாங்கினது மாமா” என்றார்.

மாமனார் என் பக்கம் திரும்பினார். “உங்க துப்பாக்கிக்கு இது போகாதே மாப்ளே?”

“போகாது மாமா. இவருக்காகத்தான் வாங்கினேன்” என்றேன். மனைவி சட்டென்று வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாமனார் என் தோளில் கை வைத்தார். “இந்தத் தடவை கண்காட்சிக்கு நீங்க வாங்க” என்றார்.

போனேன். மிச்சமிருந்த நாலு தொட்டியை வேனில் ஏற்றி, ஒன்றை மடியில் வைத்துக்கொண்டேன். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் வேன் கிளம்பியதிலிருந்து மாமனார் டிரைவரிடம் சகலை சுட்டதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். சுட்ட தூரம் தெரு முனையில் இருபது அடியாக இருந்தது, லால்பாக் நெருங்கும்போது நாற்பது அடியாகிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. “பதினாறு அடிதான் மாமா. நான்தானே அளந்தேன்.”

அவர் திரும்பவே இல்லை. “நீங்க அளந்தா கம்மியாத்தான் வரும் மாப்ளே” என்றார்.